தினுலிக்கு ஊற்றிய தண்ணீர்

செத்துப்போன என் மகள் தினுலிக்காகப் பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கும் மூன்றாம் மாதத் தானத்துக்கு நான் கைப்பட அழைப்பு எழுதியது ஒருத்திக்குத்தான். அவள் வேறு யாருமல்ல, நானேதான். உலகம் விட்டு உலகம் போகும் கடவைக்கு அந்தப் பக்கம், இதே மாத்தறையில், இதே ருவினி என்ற பெயரோடு இருக்கிறவள். இங்கே நடப்பது பெரும்பாலும் அங்கே நான்கு மாதம் முன்னாலேயே நடந்துவிடும். அதனால் அவளை அக்கா என்பேன்; அவள் என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்பாள்.

போன தடவை அவள் வந்த அன்றுதான், தினுலிக்கு மூன்று நாள் அடித்த காய்ச்சல் விட்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை, எழுந்து உட்கார்ந்து பாற்சோறு கேட்டாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சு அக்கா, இனிப் பயமில்ல" என்றேன்.

அக்கா தேத்தண்ணீர் குடித்தாள், பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள், போய்விட்டாள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிந்திவிட்டது. அக்காவுக்கு அது முன்பே தெரியும். அவளுடைய தினுலியும் அதே காய்ச்சலில் கிடந்து, நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்தவள். இதை அவளே அனுதாபக் கடிதத்தில் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தேன்.

வந்தாள். வெள்ளை உடுப்பு, என் முகம், ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. பிக்குமார் சாப்பிட்டு முடித்தார்கள். இனிப் புண்ணியத்தைச் செத்தவருக்குக் கொடுக்க வேண்டும். நெருங்கின சொந்தங்கள் கெண்டியைச் சேர்ந்து பிடித்து, கிண்ணம் நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்றுவார்கள். என் புருஷன் சுனெத் கையை நீட்டினார். விலக்கிவிட்டேன்.

"அக்கா பிடிக்கட்டும். அவளும் தினுலிட அம்மாதானே."

"எனக்கு வேணாம் நங்கி. வீட்டில பிள்ளை உசிரோட இருக்கு. அந்தப் பேருக்கு நான் எப்பிடி ஊத்துறது?"

"நீ வந்துட்டுப் போன அன்டைக்கு என்ட பிள்ளையும் உசிரோடதான் இருந்துச்சு. பிடி."

வந்திருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடித்தாள். பிக்கு தினுலியின் முழுப்பெயரைச் சொன்னார். அவள் மகளுக்கும் அதே பெயர்தான். அவள் கெண்டியை விடப் பார்த்தாள். அவள் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். தண்ணீர் வழிந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகு குசினியில் அடுப்படிச் சுவரோடு சாய்ந்து அக்கா அழுதாள்.

"நடக்கப்போறதச் சொன்னா கடவையைப் பூட்டிருவாங்க, உனக்குத் தெரியும்தானே. ஆயுசுக்கும் நான் இங்கதான். அங்க என்ட பிள்ளை காத்துக்கொண்டு இருந்துச்சு. சொல்லு நங்கி, நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு என் பிள்ளையிடம் ஓடியிருப்பேன். அதை என் வாயால் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். வேறு யார் மன்னித்தாலும் அவளுக்கு அது உதவாது.

"சொல்லியிருப்பேன் அக்கா" என்றேன். "யோசிக்காமச் சொல்லியிருப்பேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நம்பிவிட்டாள்.