எத்தாலோ பிடித்த கால்

காய்ச்சலில் பதினோரு நாள் படுத்து எழுந்தபின் இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. செங்கல் அறுப்பவனுக்குக் கால்வலி புதிதல்ல. ஆனால் அது இரண்டு காலிலும் வரும், படுத்தால் போகும். இது ஒரே காலில். வீங்கிக்கொண்டு, தொட்டால் சுட்டது. பத்து நாளாகியும் வீக்கம் இறங்கவில்லை.

வழியில் யாரோ மருந்து புதைத்திருக்கிறார்கள், அதை மிதித்துவிட்டேன், எத்தாலோ என்கிற செய்வினை நோய் பிடித்துவிட்டது என்றார் வைத்தியர். பச்சிலையை அரைத்துக் கட்டினார். "ஊசி மட்டும் போட்டுக்காதே. எத்தாலோ இருக்குற உடம்புல ஊசி இறங்குனா ஆள் அங்கேயே காலி."

புதைத்தது கிவும்பிதான். பக்கத்துச் சூளைக்காரன். அவன் மண்குழித் தண்ணீரை நான் என் குழிக்குத் திருப்பிக்கொண்டதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவன். அவனே பைக்கோடு வாசலில் வந்து நின்றான்.

"லுபோவா, ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்கு? ஊசி போட்டு முடிச்சுடவா?"

"போட்டா உன் வாயிலதான் முதல்ல போடணும்."

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் என் மனைவி நான்டேசா. "நேத்துலேர்ந்து இவருக்கு மூச்சு வாங்குது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுறாரு."

இவளும் கூட்டா என்று நினைத்தேன். கேட்க மூச்சு இல்லை. ஏறினேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா இரண்டு கெண்டைக்காலையும் நாடாவால் அளந்தார். இடது பெரிது.

"ரொம்ப நாள் படுத்தே கிடந்தீங்களா?"

"பதினோரு நாள்."

"கால்ல ரத்தம் உறைஞ்சிருக்குபோல. ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்ட அன்னைக்கே வந்திருக்கணும். கட்டி பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்குதுன்னா போயிருக்கும்னுதான் பயமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு ஊசி."

"முதல்ல இவனுக்குப் போடுங்க" என்று கிவும்பியைக் காட்டினேன்.

"இவருக்கு என்ன வியாதி?"

"அதைத்தான் பாக்கணும்."

நர்சம்மா காதில் வாங்கவில்லை. நான் கிவும்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். செத்தால் இவனைப் பிடித்தபடி சாக வேண்டும், ஊர் பார்க்கட்டும். ஊசி வயிற்றுத் தோலில் இறங்கும்போது ஊசியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். புதைத்தவன் என்றால் கண்ணில் தெரியும்.

கண்ணே தெரியவில்லை. இறுக்க மூடியிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை, உதடு முணுமுணுத்தது.

"லுபோவா, எத்தாலோவா இருந்தா உன்னைக் கொண்டாந்த பாவம் எனக்குடா. செத்துடாதே."

நர்சம்மா ஊசியை உருவினார்.

"மூச்சு இருக்கா?" என்றான், கண்ணைத் திறக்காமலே.

"இருக்கு. திறந்து பாரு."