ஈர்க்கில் கணக்கு

நேசபாய்க்கு அந்த வேலையைச் சபைக் கமிட்டி இரக்கப்பட்டுத்தான் கொடுத்தது. கொடுத்ததை அவள் ஒரு நாளும் மறந்துவிடாதபடியும் பார்த்துக்கொண்டது. கொழும்புக்குப் பிழைக்கப் போன கணவன் அங்கேயே காய்ச்சலில் செத்த பிறகு, தேங்காய்ப்பட்டணத்துக்குச் சற்று வடக்கே, தென்னந்தோப்புக்குள் ஓலைக்கூரை போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பை அவளிடம் ஒப்படைத்தார்கள். மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகளும் பனையேறிகளின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள்.

கருவாட்டு வியாபாரி கமருதீனின் மகள் மைமூனும் அந்த வகுப்பில் இருந்தாள். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாரே என்று தெருவில் முணுமுணுத்தவர்களைக் கமருதீன் சட்டை செய்ததில்லை. காலையில் தானே மகளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போவார்.

மைமூன் வாசிப்பில் சூட்டிகை. கணக்கில்தான் தடுக்கினாள். நூற்றைந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவாள். முந்நூற்றிருபது என்றால் 30020. முதலில் நேசபாயும் எல்லா வாத்தியார்களையும் போலக் காதைத் திருகினாள். திருகத் திருக அந்தப் பிள்ளை சைபர்களை இன்னும் வட்டமாகப் போட்டு அதையேதான் எழுதியது. ஒரு நாள் கை சலித்துப்போய், ஏன் இப்படி எழுதுகிறாய் என்று கேட்டாள்.

“நூறுக்கு நூறு எழுதினேன். அஞ்சுக்கு அஞ்சு எழுதினேன். எதை விட்டுப்போட்டேன் டீச்சரம்மா?”

கருவாட்டுச் சிப்பங்களின் மேல் கமருதீன் கரியால் எழுதுவதை நேசபாயும் பார்த்திருக்கிறாள். நூறுக்கு ௱ என்று ஒரு குறி, பக்கத்தில் ஐந்துக்கு ௫. அந்தப் பழைய கணக்கில் பத்துக்கும் நூறுக்கும் தனித்தனிக் குறி உண்டு, சைபருக்கு வேலை இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படி எழுதும்? பள்ளிக்கூடத்துக் கணக்கில் எழுத்து ஒன்றுதான். அது நிற்கிற இடத்தைப் பொறுத்து ஒன்றாகும், பத்தாகும், நூறாகும். இதை நேசபாய்க்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவளும் யாருக்கும் சொன்னதில்லை. சரியாக எழுதிய பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தாள். அவர்களும் பார்த்துப் பழகித்தான் எழுதினார்கள். காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் தோப்பில் விழுந்து கிடந்த தென்னோலைகளைக் கிழித்து ஈர்க்கில் எடுத்துவரச் சொன்னாள். பத்து ஈர்க்கில் சேர்ந்தால் நாரால் ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. மணல் தரையில் மூன்று கட்டம் கீறினாள். வலது ஓரத்தில் உதிரி, நடுவில் சின்னக் கட்டு, இடது ஓரத்தில் பெரிய கட்டு. உதிரிக் கட்டத்தில் பத்தாவது ஈர்க்கில் வந்துவிட்டால் உடனே கட்டி நடுக் கட்டத்துக்குத் தள்ள வேண்டும். பிள்ளைகள் நாருக்குச் சண்டை போட்டார்கள், கட்டு அவிழ்ந்து சிதறியது, எண்ணியதையே திரும்ப எண்ணினார்கள். வாரங்கள் போயின.

ஒரு நாள் நூற்றைந்தை வைத்துக் காட்டினாள். இடது பக்கம் ஒரு பெரிய கட்டு, வலது பக்கம் ஐந்து உதிரி. மைமூன் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தாள்.

“நடுவுல ஒண்ணுமில்லன்னு ஒரு சைபர் போடணும். போடலன்னா பெரிய கட்டு சின்னக் கட்டாயிப்போவும். பதினஞ்சுன்னு வாசிச்சுருவாங்க.”

சொல்லிவிட்டு 105 என்று எழுதினாள். நேசபாய் அன்று சாயங்காலம் உலை வைத்தபோது வாய்க்குள் ஏதோ ஒரு ஞானப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். கணவன் போன பிறகு அவள் பாடியது அதுதான் முதல் தடவை.

ஆனால் வாய்ப்பாடு பின்தங்கிவிட்டது. துடைப்பம் கட்டப் படிக்கிற வாரியல் பள்ளிக்கூடம் என்று ஊரில் கேலி பேசினார்கள். தலைமையாசிரியர் செல்வதாஸ் கெட்டவரல்ல. இன்ஸ்பெக்டர் மாசியில் வருவார், அதற்குள் பதினாறாம் வாய்ப்பாடு வரை பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டும் என்று பலமுறை நினைவுபடுத்தினார். இது புரிந்துவிட்டால் அது தானே வரும் என்று அவள் சொன்னபோது அவர் தலையசைத்தார்.

“வரும், இல்லேன்னு நான் சொல்லல. அவரு வாய்ப்பாட்டத்தான் கேப்பாரு. ஈர்க்கில ஆரு கேக்கப் போறா?”

அவர் சொன்னபடியே நடந்தது. இன்ஸ்பெக்டர் பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்டார். பாதி வழியில் வகுப்பு மொத்தமும் வாயடைத்து நின்றது. நேசபாய் துணிந்து, எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதச் சொல்லிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவர் நானூற்றேழு என்றார். மைமூன் எழுந்துபோய் 407 என்று எழுதினாள். இன்ஸ்பெக்டர் வெயிலில் நடந்து வந்தவர், களைத்திருந்தார். நல்லது, ஆனால் இதைப் போன வருஷமே முடித்திருக்க வேண்டும் என்று மரியாதையாகவே சொன்னார்.

மாதம் முடிவதற்குள் கமிட்டி அவளை நிறுத்திவிட்டது. ஈர்க்கில் கட்டுகளை அவளே அள்ளிக்கொண்டுபோய்த் தோப்போரத்தில் போட்டாள். அவள் இடத்துக்கு ராஜையன் என்கிறவர் பிரம்போடு வந்தார்.

சில வாரம் கழித்துக் கமருதீன் மகளைக் கூட்டிக்கொண்டு நேசபாய் வீட்டுக்கு வந்தார். நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எட்டுப் பதின்மூன்று எவ்வளவு என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். மைமூன் உட்கார்ந்து மணலில் கட்டம் கீறி, கட்டாகவும் உதிரியாகவும் பிரித்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறாள். கேட்ட உடனே சொல்லத் தெரியாமல் தரையில் விளையாடுகிறாயா என்று விரல் கணுவில் அடி. மறுநாளும் அதையே செய்தாள், மறுநாளும் அடி. இப்போது பள்ளிக்கூடம் என்றாலே போகமாட்டேன் என்கிறாள். டீச்சரம்மா வீட்டில் வைத்துச் சொல்லித் தந்தால் போதும் என்றார்.

நேசபாய் முற்றத்து மணலில் மூன்று கட்டம் கீறினாள். மைமூனை அருகில் உட்காரவைத்து, இருநூற்று முப்பது எழுது மக்கா என்றாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. பிள்ளை கையை மடிக்குள் வைத்துக்கொண்டது.

“வேண்டாம் டீச்சரம்மா. நீங்க சொல்லித்தந்தது போல செஞ்சாத்தான் அடி விழுது.”

கமருதீன் மகளை அதட்டப் பார்த்தார். நேசபாய் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிள்ளை சொன்னதில் அவள் திருத்த ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் மனசு மாறினால் கூட்டிவருகிறேன் என்று சொல்லி அவர் எழுந்தார். மைமூன் கட்டங்களை மிதிக்காமல் சுற்றி நடந்து வாப்பாவின் பின்னால் போனாள். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

சித்திரையில் நேசபாய் நாகர்கோவிலுக்குப் போய், மிஷன் பெண்கள் லேஸ் பின்னும் இடத்தில் சேர்ந்தாள். சேர்த்துக்கொண்ட அம்மாள், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தவளாமே, இங்குள்ள சின்னப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கொஞ்சம் கணக்குச் சொல்லித் தருவாயா என்று கேட்டார்.

தனக்குக் கணக்குத் தெரியாது என்று நேசபாய் சொல்லிவிட்டாள்.