மூன்றாவது நிலை

"கேக்காத கேள்விக்கும் பதில் முந்தியே உள்ளுக்கு இருக்குமா, அக்கா?"

கற்பிட்டியில் பக்கத்து வீட்டு டெனிஷா சிறு பிள்ளையாக இருந்தபோது இப்படிக் கேட்டாள். நஸ்லியா சிரித்துச் சமாளித்தாள். இன்று அதுவே அவளுடைய ஆய்வு.

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். எதைக் கேட்டாலும் கூட்டல் அல்லது கழித்தல் என்று பதில் வரும். குறுக்கே மூன்றைக் கேட்டால் கழித்தல் ஒன்றும் இருக்கக் கூடாது, அல்லது இரண்டு இருக்க வேண்டும். நெடுக்கேயும் அப்படித்தான், கடைசி நிரலில் மட்டும் ஒன்றோ மூன்றோ வர வேண்டும். பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்தால் எங்காவது உதைக்கும். குவாண்டம் துகள்கள் இதைச் சிரமமின்றிச் செய்கின்றன. சாதாரண இயந்திரம் அவற்றைப் போல நடிக்க, முன்பு கேட்கப்பட்டதை நினைவில் வைத்துப் பதிலை மாற்ற வேண்டும். அதற்கு எத்தனை நினைவு நிலைகள் வேண்டும்?

இரண்டு போதும் என்று பேராசிரியருக்கு எழுதிவிட்டாள். திங்களன்று கருத்தரங்கில் எல்லார் முன்னும் அதைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை அவளுக்குச் சுருக்கென்றது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊர். மடிக்கணினியின் பற்றரியும் செத்துவிட்டது. அதனால் அதில் எழுதிவைத்த இயந்திரத்தைத் துண்டு துண்டாக ஓட்டிச் சோதிப்பதே அவள் வழக்கம். ஒவ்வொரு துண்டிலும் இயந்திரம் புதிதாகத் தொடங்கியது. முந்திய கேள்விகளை அது சுமக்கவேயில்லை. நிறுத்தாமல் ஓட்டினால்தான் உண்மை தெரியும். அன்றோ மாலை வரை மின்வெட்டு.

வேலிக்கு அப்பால் டெனிஷாவின் தாய் எமிலியா மீன் விற்பவள். ஐஸ் பெட்டிக்காகக் கூரையில் சூரியத் தகடு வைத்திருந்தாள்.

"கரண்ட் தந்தா உங்கட ஐஸ் கரையுமே, அக்கா?" என்று வேலியருகே நின்று கேட்டாள் நஸ்லியா.

"கரைஞ்சா கரையட்டும். நோன்பு பிடிச்ச புள்ள கேட்டு இல்லையெண்டு சொல்லுவனா? வயர இழு."

தொடர்ந்து கேட்டபோது இரண்டு நிலை இயந்திரம் சறுக்கியது. மூன்றாவது நிலையைச் சேர்த்தாள். மாலை வரை ஓர் இடத்திலும் பிசகவில்லை.

"என்ன புள்ள, முகத்தில வெளிச்சம்?"

"ரெண்டு ஞாபகம் போதுமெண்டு எழுதீட்டேன். பிழை, அக்கா. மூணு வேணும்."

"எங்கட மனுசனுக்கு ஒண்டே நிக்குதில்ல!"

நோன்பு திறக்குமுன் பேராசிரியருக்குத் திருத்தம் அனுப்பினாள். "நல்லது. திங்கள் மூன்றையே சொல்" என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை எமிலியா வீட்டார் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். நஸ்லியா ஐஸ் கட்டிகள் வாங்கிவந்து, ஐஸ் கரைந்து வெறுமையாய்க் கிடந்த பெட்டியை நிரப்பி, மூடியை அழுத்திச் சாத்தினாள். முற்றத்தில் ஒருவரும் இல்லை. மேலே பார்க்க வேண்டியவன் பார்த்திருப்பான் என்ற நிம்மதியோடு வேலியைத் தாண்டினாள்.