ஐந்தருவியில் ஒரு டைபாய்டு

சேர்க்கை உத்தரவு மேலகரத்துக்கு வந்த அன்று ஆவுடைநாயகம் பிள்ளை அதைப் படிக்கவில்லை, பஞ்சாங்கத்தைத்தான் படித்தார். ஆடி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மகனுக்குச் சென்னையில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது, 1961 ஜூலை முடிவதற்குள் வந்து சேர வேண்டும் என்று சர்க்கார் எழுதியிருந்தது. சர்க்காருக்கு ஆடி தெரியாவிட்டால் அது சர்க்காரின் குறை என்று பிள்ளை முடிவு செய்தார்.

"ஆவணி ஒண்ணாந்தேதி போய்ச் சேரு. ஆடியில ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டோம், நீ ஆபரேசன் படிக்கப் போறியோ?"

"எடம் போயிரும்ப்பா."

"எங்க போவும்? நம்ம பேருக்கு வந்த எடத்துல எவன்லே உக்காருவான்?"

டாக்டர் முத்துக்குமாரசாமிக்கு அப்பாவிடம் வாதாடி ஜெயித்த பழக்கம் இல்லை. தென்காசியில் அப்பா கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரியில், அப்பா பெயர் பெரிதாகவும் தன் பெயர் அதன் கீழே சிறிதாகவும் எழுதிய பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, எட்டு வருடமாக இருமலுக்குச் சிவப்பு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கத்தி பிடிக்க வேண்டும். அதுவும் அந்தப் பலகை கண்ணில் படாத ஊரில் பிடிக்க வேண்டும். அடுத்த வருடம் விண்ணப்பிக்க வயது இடம் கொடுக்காது. எல்லாம் தெரிந்தும் அவன் ரயில் ஏறவில்லை. ஏறியிருக்கலாமே என்று தன்மேல் வந்த ஆத்திரத்தை, வசதிக்காக அப்பா மேல் இறக்கி வைத்தான். குற்றாலம் பங்களாவில் ஆடி முழுக்க எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, தின்று, தூங்கினான்.

ஆவணி பிறந்ததும் அப்பாவும் மகனும் பேராசிரியருக்கு ஒரு ரோஜா மாலையோடு சென்னையில் போய் இறங்கினார்கள். கெடு முடிந்த மறுநாளே அந்த இடத்தைக் காத்திருந்த அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அடுத்த ஆள் வெள்ளைக் கோட்டோடு வராந்தாவிலேயே எதிர்ப்பட்டான். தென்காசித் தறிக்காரர் மைதீனின் மகன் கிதிர் முகம்மது. முத்துக்குமாரசாமியோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"ஏலே முத்து, ஆடி ஒருவழியா முடிஞ்சுதாலே?" என்றவன், பிள்ளையின் கையைப் பார்த்தான். "அண்ணாச்சியும் வந்திருக்காகளா? மாலை எனக்கா?"

"கேஸ் போடுதேன்லே! நீ உக்காந்திருக்கியே நாற்காலி, அதக் கோர்ட்டு மூலமா உருவுதேன்!"

"உருவுங்க அண்ணாச்சி. நாங்க நின்னுக்கிட்டே ஆபரேசன் பண்ணுதவங்க."

ஹைகோர்ட் வக்கீல், ஆடியைக் காரணம் காட்டினால் நீதிபதி சிரிப்பார், நோயைச் சொல்லுங்கள் என்றார். என்ன நோய் என்று பிள்ளை வெகுநேரம் யோசித்தார். வயிற்றுப்போக்கு குடும்பத்துக்கு இழுக்கு. டைபாய்டில் கொஞ்சம் கௌரவம் இருந்தது. ராயகிரியில் தாய்மாமன் முறையுள்ள ஒரு டாக்டர், நோயாளியைப் பார்க்கும் சிரமம்கூட இல்லாமல் சான்றிதழ் எழுதினார். ஆடி முழுக்கப் படுத்த படுக்கை, எழுந்து நிற்கவும் இயலவில்லை என்று முத்துக்குமாரசாமி சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டான்.

விசாரணைக்கு முந்தின வாரம், சாரலில் குளிக்க அரசு வக்கீல் குற்றாலம் வருகிறார் என்று பிள்ளைக்குச் சேதி எட்டியது. பங்களாவைத் திறந்துவிட்டார். பலாப்பழம் போயிற்று. எண்ணெய் தேய்க்கப் பங்களா வேலையாள் மாடன் போனான்.

"நம்மள எதுத்து வாதாடப் போறவருப்பா அவரு."

"அதனாலதாம்லே. ஆள் குளுந்தா கேசும் குளுந்துரும்."

ஐந்தருவியில் அரசு வக்கீல் ஒரு துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, பாறை ஓரத்திலேயே தயங்கி நின்றார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பிள்ளையும், அருவிக்கு முதுகைக் காட்டியபடி முத்துக்குமாரசாமியும் பக்கத்தில் நின்றார்கள். "தண்ணி விழற வேகத்தைப் பாத்தா பயமா இருக்கு, பிள்ளைவாள். ஜன்னி கின்னி வந்துடாதே?"

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய அருவியை, அவர் முன்னாலேயே ஒருவர் சந்தேகப்படுவதா?

"என்ன சார் இப்பிடிச் சொல்லிட்டீக? இவனப் பாருங்க. ஆடி முச்சூடும் ரெண்டு வேளை, ஒரு நாள் விடாம இதே தண்ணியிலதான் கெடந்தான். ஒரு தும்மல்? கேளுங்க அவன்கிட்ட!"

"நாந்தான சாமி தேச்சேன்," என்றான் மாடன். "சின்னவுக ஒடம்பு கல்லுல்லா."

அரசு வக்கீல் திரும்பினார். சந்தையில் காளை பார்ப்பவர் போல டாக்டரின் புஜத்தை அமுக்கினார்.

"ஆடி முழுக்கவா?"

அப்போதுதான் பிள்ளைக்கு உறைத்தது. ஆனால் பின்வாங்குவது அவர் ரத்தத்தில் கிடையாது. "டைபாய்டு வந்துச்சு சார். வந்ததும் இங்கன கொண்டாந்து அருவிக்குக் கீழ போட்டோம். காச்சல் எறங்கிட்டு."

"எழுந்து நிக்கவே முடியாதவரையா?"

"இது மூலிகத் தண்ணில்லா சார்!"

வக்கீல் டாக்டரிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார். "நீங்க சொல்லுங்க டாக்டர். உங்க மருத்துவப்படி இது நடக்குமா?"

நடக்கும் என்றால் இந்த மருத்துவத்தை அவர் கோர்ட்டில் வாசிப்பார். கிதிர் முகம்மது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நடக்காது என்றால் இடமும் போகும், செய்த சத்தியமும் பொய்யாகும். அப்பா கண்ணை உருட்டினார். "சொல்லேம்லே!"

முத்துக்குமாரசாமி ஓரடி பின்னால் வைத்தான். அருவி அவனை உள்ளே வாங்கிக்கொண்டது. தலையில் கல்லாய் இறங்கிய தண்ணீருக்குள் அவன் வாயைத் திறந்து, எட்டு வருடமாகச் சொல்லாததையும் சேர்த்து, தொண்டை கிழியக் கத்தினான். வெளியே அரசு வக்கீல் காதில் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அவர் பக்கத்தில் ஆவுடைநாயகம் பிள்ளை, மோவாயில் எண்ணெய் சொட்ட, ஒரு சொல்லும் காதில் விழாமலே, மகன் சொல்வது அத்தனைக்கும் பெரிது பெரிதாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.