குதிக்காலில் ஒரு தூண்டில்

1

இந்தக் கதை நுரைச்சோலைச் சந்தியில், நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பிறந்தது. இறங்கினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. விழுந்தேன். இடது கணுக்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்றே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இதுதான் உங்கள் எலும்பு, இதுதான் விரிசல் என்று காட்டினார். நானும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். அப்போது தாதி ஓடிவந்து, மன்னிக்க வேண்டும், அது வேறொருவருடைய படம் என்றார்.

இந்தக் காலோடு ஐம்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். படத்தில் அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. என் சொந்தப் படம் வந்தபோது அது மற்றதைவிட மோசம். இப்போது கதிரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். கதிரையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

2

முதல் வாக்கியத்தோடு ஒரு காலை முழுதும் மல்லுக்கட்டினேன்.

"1942ஆம் ஆண்டு, வெள்ளைக்காரர் ஆட்சி முடியப்போகும் காலத்தில், கற்பிட்டிக் கடலுக்கு மேலே சூரியன்—"

சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை, ஆண்டு மட்டும் இருக்கட்டும். விடுவோம்.

"வலி என்பது மனிதனுக்குக் கிடைத்த—"

இதையும் விடுவோம். கால் நோகும்போது தத்துவம் வராது.

லோறன்ஸின் கால் உடைந்த அன்று மாம்புரிக் கரையில் நல்ல மீன்பாடு. வள்ளத்தைக் கரையேற்றும்போது உருளைக் கட்டை புரண்டு அவருடைய இடது கணுக்காலில் ஏறியது. அந்தக் கிழமை முடியுமுன் புத்தளம் உப்பளத்தில் வேலை செய்யும் நூஹு வரம்பில் வழுக்கி விழுந்தார். அவருக்கும் இடது கணுக்கால். (ஏன் இரண்டு பேருக்கும் இடது கால் என்று கேட்பீர்கள். எனக்கும் இடது கால்தான். எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?)

இருவரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எந்த ஊர் என்று தேடாதீர்கள், அது நான் கட்டிய ஆஸ்பத்திரி. அங்கே எக்ஸ்றே எடுக்கிறவர் இருந்தார். படத்தைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் உலக யுத்தத்துக்குப் போயிருந்தார். ஆகவே ஆளுக்கொரு உறையில் படத்தைப் போட்டுக் கொடுத்து, கொழும்பில் பெரிய டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை காலை ஊன்ற வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இருவரும் திரும்பி வந்ததும் ஒரே தேங்காய் லொறியில்தான். வழியில் மழை. உறைகள் நனைந்து பெயர்கள் கரைந்துபோயின. கூட வந்த லோறன்ஸின் அக்கா கத்தரினாவும் நூஹுவின் மனைவி ஸக்கியாவும் படங்களை வெளியே எடுத்து ஆகாயத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள்.

"என்ர தம்பியின்ர பெருவிரல் எனக்குத் தெரியாதா?" என்று கத்தரினா ஒன்றை எடுத்துக்கொண்டார். ஸக்கியாவும் மற்றதைப் பார்த்து, தன் புருஷனுடைய கால்தான் என்று அடித்துச் சொன்னார். இருவரும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இரண்டு பேரும் சொன்னது தவறு.

3

கத்தரினாவைப் பற்றி எனக்கொரு சங்கடம்.

அவரை ஒரு வெகுளியாக எழுதத்தான் திட்டம். கொழும்புக்குப் போக மாட்டேன் என்கிறார். ஏப்ரலில் அங்கே குண்டு விழுந்தது, உடைந்த காலைக் காட்டப்போய் உள்ள உயிரையும் விடுவதா என்கிறார். இதில் வெகுளித்தனம் எங்கே இருக்கிறது? நானும் போயிருக்க மாட்டேன்.

பிறகு நேர்த்திக்கடன். அந்தக் கரையில் கை கால் நொந்தால் கோயிலில் அந்தோனியாருக்கு வெள்ளியில் ஒரு கை, ஒரு கால் செய்து வைப்பார்கள். யுத்த காலத்தில் தட்டாரிடம் வெள்ளி இல்லை. கத்தரினா படத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். வெள்ளிக்கால் யாருடைய காலாகவும் இருக்கலாம், இது தம்பியின் சொந்தக் கால், அந்தோனியார் தவறவிட முடியாது என்று அவருடைய நியாயம். இந்த நியாயத்தில் ஓட்டை தேடித் தேடி எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. (ஓட்டை உறையில்தான் இருந்தது.)

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். லோறன்ஸ் பன்னிரண்டு வயதில் மிதித்த தூண்டிலின் முனை அவருடைய இடது குதிக்காலுக்குள் தங்கிவிட்டது. ஊரறிந்த விஷயம், ஆனால் லொறியில் பெருவிரலைப் பார்த்த கத்தரினா குதிக்காலைப் பார்க்கவில்லை. கோயில் வாசலில் கத்தரினா படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். குதிக்கால் சுத்தமாக இருந்தது.

படத்தை அந்தோனியாரின் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார்: "தம்பி, இனிப் பயப்பிடாத. தூண்டில அந்தோனியார் எடுத்திட்டார்."

லோறன்ஸ் கட்டிலிலிருந்து எழுந்தார். இடது காலை ஊன்றினார். முகம் வெளுத்தது, வேர்த்தது.

"நோகுதா?"

"நோகுதுதான் அக்கா. ஆனா இது வாற நோ இல்ல, போற நோ."

அன்றிலிருந்து நடக்கிறார்.

4

நூஹுவின் எலும்பில் மயிரிழை அளவு விரிசல்தான். மூன்று கிழமைக்குள்ளேயே நோ போய்விட்டது. ஆனாலும் சொன்ன சொல்லை மீறாதவர், படத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். பெரிய டாக்டரின் அறைக்குள் தன் சொந்தக் காலால் நடந்து போனார்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். மூட்டு விலகியிருக்கிறது, இந்தக் காலில் ஒரு மனிதன் நடக்க முடியாது என்றார். நடந்துதான் வந்தேன் என்று நூஹு அடக்கமாகச் சொன்னார். அது உமது நினைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டு, முழங்கால் வரை பிளாஸ்டர் கட்டுப் போடவைத்தார். இன்னும் ஒரு மாதம் இந்தக் காலில் நடந்தால் மூட்டு நிரந்தரமாகப் போய்விடும், ஜூன் கடைசியில் வந்தால் வெட்டிச் சரிசெய்து தூண்டிலையும் எடுத்துவிடலாம் என்றார். இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாமே என்று நூஹு கேட்டார். படம் எடுக்கும் தகடெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது என்று பதில் வந்தது.

(டாக்டர் காலையே பார்க்கவில்லையா, நம்ப முடியவில்லையே என்கிறீர்கள். நுரைச்சோலையில் என் சப்பாத்தைக்கூட யாரும் கழற்றவில்லை.)

நூஹுவுக்கு நொண்டல் வந்துவிட்டது. கட்டுக்குள் நோவும் வந்தது. தூண்டில் குத்துவதை உணர்வதாகக்கூடச் சொன்னார். ஸக்கியாதான் ஒருநாள் படத்தை ஜன்னலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"உப்புக்குள்ள தூண்டில் எப்பிடி ஈக்கும்?" என்றார். "இது அந்த மாம்புரிக்காரர்ட கால். எங்கட படத்த நம்பி அவர் நடந்துட்டு ஈந்தா என்னாவும்?"

நூஹுவுக்கு அன்றே நோ நின்றது. பயம் பிடித்தது.

5

ஜூன் பதின்மூன்று, அந்தோனியார் திருநாள். அவருடைய சுரூபம் வைத்த கூட்டை எட்டுப் பேர் தோளில் தூக்கிக் கோயிலைச் சுற்றி வர வேண்டும். சுகமானவர் என்று முன்பக்கத்து இடது தூக்குக் கொம்பை லோறன்ஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கணுக்கால் பூசணிக்காய்போல் இருக்கிறது. அதை வேட்டியால் மறைத்திருக்கிறார்.

இப்போது நான் முடிவு எழுத வேண்டும். லோறன்ஸ் தூக்குகிறார், ஒன்றும் ஆகவில்லை, எல்லோருக்கும் சந்தோஷம் என்று எழுதிப் பார்த்தேன். என் படத்தைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. மூன்றாவது அடியில் மூட்டு விட்டுப்போகிறது, கூடு சாய்கிறது, அந்தோனியார் மண—

இல்லை. அந்த மனிதனை நான் விழவிட மாட்டேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நூஹு நேரத்துக்கு வந்து உண்மையைச் சொல்கிறார் என்றும் எழுதினேன். பாதி வாக்கியத்தில் கத்தரினா என்னைப் பார்த்தார். கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். பிறகு கேட்டார்: "படத்த எடுத்தா தம்பி நடப்பானோ? எழுதுறவர்தானே, சொல்லுங்க."

கொழும்பு டாக்டர் வெட்டினால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இப்படியே விட்டால் நிச்சயமாக நடக்க மாட்டார். இதை அவரிடம் நேரே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

6

இந்த நிமிஷ நிலவரம் இது. உண்மையைச் சொல்லப் புறப்பட்ட நூஹுவின் மாட்டுவண்டி கோயிலுக்குக் கால் மைல் இப்பால் மணலில் புதைந்து நிற்கிறது. திருநாள் வெடிச் சத்தத்தில் மாடுகள் மிரள்கின்றன, வண்டிக்காரர் கயிற்றை விட முடியாது. நூஹு கூப்பிட்டாலும் மணியோசையில் கேட்காது. நல்ல கால் உள்ளவர் கட்டோடு வண்டியில் இருக்கிறார். உடைந்த கால் உள்ளவர் கொம்பில் தோளைக் கொடுத்துவிட்டார்.

நூஹு லோறன்ஸின் படம் இருக்கிற உறையை நீட்டிக்கொண்டிருக்கிறார், என்னிடம். நான் ஓடியிருப்பேன். கதிரையை ஞாபகத்தில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உங்களுக்குக் கால் சுகம்தானே? அப்படியென்றால் உறையைப் பிடியுங்கள். அங்கே போய் லோறன்ஸிடம் என்ன சொல்வது, கத்தரினாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதை ஓடும்போது யோசியுங்கள். எனக்கு அது தெரிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன். கூடு இன்னும் தரையைவிட்டு எழவில்லை. முதல் அடி இடது கால்தான்.