யூம்களின் வாசல்

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது இவர் யூம்களின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பை அணைக்கச் சொல்லிக் குளியலறையிலிருந்து கத்தினேன். "இந்தா, ஒரு நிமிசம்" என்று பதில் வந்தது. இவருடைய ஒரு நிமிஷத்தை நம்பிப் பருப்பு அடிப்பிடித்த நாட்கள் ஏராளம். துவைத்துக்கொண்டிருந்த சோப்புக் கையோடு நானே ஓடிவந்து அணைத்தேன். முதுகுக்குப் பின்னால் நான் வந்து நின்ற பிறகும் இவர் கண் அசையவில்லை. கம்ப்யூட்டர் திரையில் நீலநிறத்தில் கழுத்து நீண்ட அந்த யூம்கள் இவரைக் கண்டுகொள்ளாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன.

"பாரு சாரு, இம்புட்டுப் பேரு போறாங்க. ஒருத்தனாவது திரும்பிப் பாக்குறானா?" என்றார். குரலில் அப்படி ஒரு ஆற்றாமை. கட்டின பொண்டாட்டி சோப்பு நுரையோடு நிற்பதை இவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இவருக்குத் தல்லாகுளத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. கோர்ட் பக்கம் என்பதால் வக்கீல்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வரும். யாரோ ஒருவர் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பவே வராத ஒரு பழைய பெட்டிக்குள் இருந்தது இந்த 'ஓரிஸ்' விளையாட்டு. சுடுவது, வெடிப்பது எதுவும் அதில் கிடையாது. வழி தவறிய ஒரு கப்பலை ஓட்டிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போக வேண்டும். அங்கங்கே இருக்கிற ஜனங்களோடு பழகி, வழி கேட்டு, வீடு வந்து சேர வேண்டும். எப்படி ஆடுவது என்று சொல்லும் புத்தகம் இல்லை. மதுரையில் இதை ஆடிய இன்னொரு மனிதர் இருப்பதாகவும் தெரியவில்லை. இவராகவே முட்டி மோதித்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொண்டதைச் சாப்பிடும்போது எனக்குச் சொல்வார். ஸாரக் என்பவர்கள் முன்னால் உட்காரக் கூடாது, அது அவர்கள் ஊரில் கெட்ட வார்த்தைக்குச் சமம். ப்ரெம் கடைத்தெருவில் சரக்கைக் குறை சொல்லாமல் விலை கேட்டால் துரத்திவிடுவார்கள். நோட்டிகள் இரண்டிரண்டு பேராகத்தான் இருப்பார்கள், ஒருவரிடம் கேட்டால் மற்றவர்தான் பதில் சொல்வார். கண்கள் மின்ன, சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடி நிற்க, இவர் சொல்லும் அழகைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கு எரிச்சல் வரும். காரணம் இருக்கிறது.

இவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். நான் சிம்மக்கல்லில் பிறந்த தமிழ்ப் பெண். காதலித்துக் கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. ஒரு நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்கள் என்று கேட்காத மாதமில்லை. "கேட்டுக்கிட்டே இரு, தானா வந்துரும்" என்பார். முனிச்சாலையில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு நாங்கள் ஆனையூரிலிருந்து போவோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். "வாம்மா, காபி குடிக்கிறியா?" என்று அத்தை தமிழில் கேட்பார். பிறகு அவர்கள் பேச்சு அவர்கள் மொழிக்குப் போய்விடும். சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், யாரையோ நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சுவரைப் பார்ப்பேன். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில், குடும்பம் வரிசையாக நின்றபோது, போட்டோக்காரர் என்னைப் பார்த்து "இவங்க யாரு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆளுக்கொரு பேச்சில் இருந்தார்கள். இவர் மைக்செட்காரரின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நானே விலகிக்கொண்டேன். அந்தப் படம் இப்போது மாமியார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து நின்ற இவர் பக்கத்தில் ஒரு பூச்சாடி இருக்கிறது.

குக்கர் விசிலடித்த அன்றைக்கு மறுநாள் நாத்தனார் மீனலோசனிக்கு நிச்சயதார்த்தம். தட்டை வைத்ததும் நான் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு அம்புட்டுப் பேரும் வருவாங்க. நான் யாருன்னு நீங்கதான் சொல்லணும். உங்க வாயால, உங்க பாஷையில சொல்லணும். இல்லேன்னா இனிமே நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

"சொல்லிட்டாப் போச்சு. இதுல என்ன இருக்கு?" என்றார். ரசத்தை ஊற்றியதும் யூம்கள் வந்துவிட்டார்கள். "இந்த யூம்கள் இருக்காங்கல்ல, கெட்டவங்க இல்ல சாரு. அவங்க ஊர் வழக்கம் அப்படி. அவங்க ஆளு ஒருத்தர் உன் பேரைச் சொல்லி, இன்னாருன்னு சொன்னாத்தான் நீ அவங்க கண்ணுக்கே தெரிவ. அதுவரைக்கும் நீ தூணு மாதிரி. சுத்திக்கிட்டுப் போயிருவாங்க. மூணு மாசமா நிக்கிறேன்."

கரண்டியை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை. மனுஷன் உண்மையாகவே அந்த நீலக்கழுத்துக்காரர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க கப்பல்ல வேற யாருமே இல்லையா?"

"ஒருத்தன் இருக்கான். பனிக் கிரகத்துல மாட்டிக்கிட்டுக் கெடந்தான், பாவம்னு ஏத்திக்கிட்டேன். மூட்டை மேல உக்காந்துக்கிட்டு வாயே திறக்காம வாரான்."

"அவன் எந்த ஊர்க்காரன்?"

"அவனா? அவனும் யூம்தான். ஏன் கேக்குற?"

"ஒண்ணுமில்ல. மோர் ஊத்தவா?"

எனக்கு விடை தெரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். கூடவே வந்து, மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காதவன் எப்படி இருப்பான் என்று எனக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

காலையில் பட்டுப்புடவை கட்டி, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து செல்லூரைத் தாண்டி முனிச்சாலை போய்ச் சேர்ந்தேன். வாசலில் இறங்கியதும் இவரை யாரோ கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்" என்று போனவர் போனவர்தான். கூடம் நிறைய ஜனம், ஜனம் நிறையப் பேச்சு, எல்லாம் அவர்கள் மொழியில். அத்தை ஓடிக்கொண்டே "வாம்மா, டிபன் சாப்பிடு" என்றார். நான் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி பக்கத்தில் வந்து அமர்ந்து என்னவோ கேட்டாள். நான் சிரித்தேன். அவள் புரிந்துகொண்டு தமிழுக்கு மாறினாள்.

"பக்கத்து வீடாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. "ஆனையூர்லருந்து வாரேன்" என்றேன். "அவ்வளவு தூரத்துலருந்தா!" என்று மெச்சினாள். வந்தது அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவதென்று தீர்மானித்தேன். அப்போதுதான் இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. வந்து சொல்லத்தான் போகிறார் என்று நம்பி, முந்தானையைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

இவர் குனிந்து என் காதில், "சாரு, கண்டுபிடிச்சிட்டேன்!" என்றார். "கப்பல்லயே இருக்கான் பாரு, மூட்டை மேல, அவன்தான்! அவங்க ஆளு, நம்ம கூடவே வாரான். அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கதவு திறந்துரும். மூணு மாசமா சும்மா உக்காந்திருக்கான், முட்டாப்பய!"

"ஆமா" என்றேன், இவர் கண்ணையே பார்த்து. "முட்டாப்பயதான். மூணு மாசமில்ல, மூணு வருசமா உக்காந்திருக்கான்."

இவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. வாய் மட்டும் அப்படியே திறந்திருந்தது. பக்கத்து நாற்காலி அம்மாள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பொண்ணு வீட்டு ஆளுங்க எல்லாம் வாங்க" என்று போட்டோக்காரர் கூப்பிட்டார். அத்தை இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் எழுந்திருக்கவில்லை. மீனலோசனியைச் சுற்றி வரிசை கட்டினார்கள். இவர் கடைசியில் நின்றார். இவருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் இருந்தது.

"சார், கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார் போட்டோக்காரர்.

இவர் நெருங்கவில்லை. போட்டோக்காரர் இன்னொரு தடவை சொன்னார். சித்தப்பா தோளைப் பிடித்து இழுத்தும் இவர் அசையவில்லை. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர்கள் மொழியில் என்னவோ சொன்னார். சின்னதாக இல்லை, நீளமாகச் சொன்னார். அவ்வளவு பேச்சில் எனக்குப் புரிந்தது என் பெயர் ஒன்றுதான். என்ன சொன்னாரோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். யூம்களைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் கூடம் அடங்கிவிட்டது. அத்தனை கழுத்துகளும் என் பக்கம் திரும்பின. அத்தை இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்து நாற்காலி அம்மாள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

எழுந்தேன். முந்தானை நாற்காலிக் காலில் மாட்டியிருந்தது. இழுத்தால் கிழிந்துவிடும். அம்புட்டுப் பேரும் பார்த்திருக்க, குனிந்து அதை மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தேன்.