லோமே வகுப்பில் சொல்லிக்கொடுத்த ‘வாறன்’

ஆபிரிக்க இளைஞர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பித்து வேலைவாய்ப்பை உண்டாக்கப் போவதாகக் கம்பனி அறிவித்து, அதற்குப் பயிற்றுநராகத் தன்னையே தேர்ந்தெடுத்தபோது நகுலேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. கனடாவில், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்து மொன்றியலில் இணைய இணைப்பு விற்கும் கம்பனி அது. இணைப்பு அறுந்த கோபத்தில் அழைப்பவர்களைச் சமாதானப்படுத்தி, மோடத்தைத் திருத்த வழி சொல்வதுதான் பல வருடமாக அவருடைய வேலை. இனி அந்த வித்தையை, அதே பிரெஞ்சு பேசும் டோகோ நாட்டின் லோமே நகரத்துப் பிள்ளைகளுக்குத் திரை வழியே சொல்லிக்கொடுக்க வேண்டும். கம்பனி அவருடைய படத்தைப் போட்டுப் புகழ்ந்து எழுதியது. அவர் அதைச் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அனுப்பிவைத்தார்.

மட்டக்களப்புக்காரியான மனைவி இமெல்டா மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“வேல உண்டாக்குறாங்க, சரி. எந்த வேலய?”

இவளுக்கு நல்லதே கண்ணில் படாது என்று அவர் முடிவுகட்டினார்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மோடத்தின் குணம், வயரின் கோளாறு, கியூபெக்காரரின் வசவு எல்லாவற்றையும் டக்கென்று பிடித்துக்கொண்டார்கள். அஃபி என்றொரு பெண் எல்லாருக்கும் ஒரு படி மேல். பேச்சை எப்படி முடிப்பது என்று அவள்தான் கேட்டாள். நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லி வைத்துவிடச் சொல்லியிருக்கலாம். நகுலேஸ்வரனோ யாழ்ப்பாணத்தார். ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால் அபசகுனம் என்று வளர்ந்தவர். ஆகவே ‘வாறன்’ என்பதைப் பிரெஞ்சில் போட்டு, ‘திரும்பி வருகிறேன்’ என்று முடிக்கச் சொன்னார். லோமேயிலும் புறப்படுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். இரண்டு ஊருக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று மனிதர் உருகிப்போனார். தொலைபேசியின் மறுமுனையில், சொன்னதை அப்படியே நம்பிவிடும் கியூபெக் என்றொரு இடம் இருப்பது வகுப்பில் எவருக்கும் நினைவு வரவில்லை.

பயிற்சி முடிந்ததும் வேலைவாய்ப்பு உண்டானது. மொன்றியல் பிரிவை அப்படியே தூக்கி லோமேக்குக் கொண்டுபோனார்கள். அவரையும் கூட வேலை செய்தவர்களையும் கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஐம்பத்தாறு வயதில் இனி யார் தன்னைக் கூப்பிட்டு வேலை தருவார்கள் என்று நகுலேஸ்வரன் கலங்கிப்போனார்.

கூப்பிட்டது அதே கம்பனிதான். ‘அஃபி திரும்பி வருவதாகச் சொன்னாள், இன்னும் காணவில்லை’ என்று வாடிக்கையாளர்கள் ஓயாமல் அலுவலகத்துக்கு அழைக்கிறார்களாம். தன் பிழைதான் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரே வகுப்பில் திருத்திவிடலாம் என்று வாயெடுத்தார். மேலாளர் அம்மா தடுத்துவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் கம்பனிக்கு முழுப்புள்ளி போடுகிறார்களாம், அதில் கைவைக்கக் கூடாதாம். மொன்றியலில் ஒருவர் இருந்து, காத்திருப்பவர்களிடம் இனி யாரும் வரமாட்டார்கள் என்று பக்குவமாகச் சொன்னால் போதுமாம்.

நகுலேஸ்வரன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். சகுனம் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, காலை தொடங்கி மாலை வரை ‘வரமாட்டா, மேடம்’ என்று சொல்கிற உத்தியோகம். ஆனாலும் தினமும் மெட்ரோவில் ஏறும்போது அவருக்கு மனம் நிறைந்திருந்தது. பிழைவிட்டே பிழைத்துக்கொண்ட ஆள் தான் ஒருவன்தான் என்று தனக்குள் சிரித்துக்கொள்வார்.

கொஞ்சக் காலத்தில் அழைப்புகள் குறைந்தன. ஒருநாள் ஒன்றுகூட வரவில்லை. அவரே லோமேக்குத் தொலைபேசி எடுத்தார். இப்போது அங்கே மேற்பார்வையாளராக இருந்த அஃபி அவர் குரலைக் கேட்டதும் அத்தனை சந்தோஷப்பட்டாள்.

“வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருக்கலாமா, முசியே? மறுநாள் எல்லாரையும் நாங்களே திரும்ப அழைத்து நலம் கேட்கிறோம். அதற்கென்றே இன்னும் ஆறு பேரைச் சேர்த்திருக்கிறோம்.”

அவளோடு கோபிக்க அவரால் முடியவில்லை. மிகவும் நல்லது, அப்படியே செய்யுங்கள் என்று சொல்லி வைத்தார்.

பின்னேரம் மேலாளர் கூப்பிட்டார். இந்தமுறை கேக் இல்லை. வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் நகுலேஸ்வரன் வீட்டுக்கு எடுத்தார். இமெல்டாவின் குரலைக் கேட்டதும் அழுகை வந்தது, கூடவே வெட்கம் கெட்ட பெருமையும் வந்தது.

“என்ர பிள்ளையள் இன்னும் ஆறு பேருக்கு வேலை உண்டாக்கிப் போட்டுதுகள், இமெல்டா.”